எட்டு மில்லி

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் யுன்-ரூவை நாற்காலி பறிபோன நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள் என்று நீங்கள் நினைத்திருந்தால், உங்களுக்கு அவளை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் ஃபெங்யுவானில் மாமனாரின் பட்டறையில், பேக்கிங் மேஜைக்கு முன்னால், ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். உதடும் இறுகித்தான் இருந்தது.

அந்தத் துங்-லியாங் மரப்பட்டறையில் எந்தப் ப்ளைவுட் ஷீட்டில் எந்தப் பலகை எங்கே உட்கார வேண்டும் என்று பதினோரு வருஷமாக முடிவு செய்தவள் அவள்தான். மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கதவு, தட்டு, பக்கப் பலகை எல்லாவற்றையும் இடம் வீணாகாமல் ஷீட்டுக்குள் அடுக்கி லேஅவுட் போட்டு அனுப்புவாள். கீழே அவள் கணவன் குவோ-லியாங் அதை சி.என்.சி. மெஷினில் வெட்டுவான். மாமனார் லாய் தன் இரண்டு மகன்களின் பேரையும் சேர்த்துத்தான் பட்டறைக்குப் பெயர் வைத்திருந்தார். அந்தப் பேரில் முதல் பாதியான மூத்தவன் குவோ-துங், வியட்நாமில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு புது லேஅவுட் புரோகிராமோடு திரும்பி வந்தான்.

வந்தவனுக்கு வாகாக அமைந்தது யோ முதலாளியம்மாவின் ஆர்டர். பிள்ளை பெற்ற பெண்கள் ஒரு மாதம் தங்கிப் பத்தியம் காக்கிற இல்லம் ஒன்றை அந்த அம்மா தைச்சுங்கில் திறக்கப் போகிறாள். இருபத்தேழு அறை, அறைக்கு ஓர் அலமாரி, அலமாரிக்கு இரண்டு கதவு. எல்லாக் கதவிலும் மர ரேகை ஒரே மாதிரி இருக்க, ஒரே மரத்திலிருந்து மெல்லிய தோலாக உரித்த ஓக் வெனீர் ஒட்டிய ஒன்பது ஷீட் வாங்கியிருந்தார்கள். ஷீட்டுக்கு ஆறு கதவு, ஒன்பது ஷீட்டில் ஐம்பத்து நாலு என்று எல்லாம் சரியாக இருந்தது. புயல் மழையில் கூரை ஒழுகி இரண்டு ஷீட் ஊறிப்போயின. அந்த மரத்தில் இனி ஒரு ஷீட்கூடக் கிடையாது.

"ஏழுல முடியாது" என்று யுன்-ரூ சொன்னாள். "நான் ஆறுல முடிக்கிறேன்" என்றான் மூத்தவன். முடித்தும் காட்டினான். ஷீட்டுக்கு ஒன்பது கதவு. அதோடு நாற்காலி அவனுக்கு, பேக்கிங் மேஜை இவளுக்கு என்று லாய் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மரியாதை தெரிந்த வீடு என்பதால் யாரும் சத்தம் போடவில்லை.

இன்று அந்தக் கதவுகள்தான் அவள் முன்னால் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அளவு எழுதின சீட்டை ஒட்டி, அட்டை சுற்றி, நாலு மணிக்கு லாரியில் ஏற்ற வேண்டும். அளவு எண்பத்தொரு சென்டிமீட்டர் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தாலும் பழகின கை சும்மா இருக்குமா? ஏப்ரன் பையிலிருந்து டேப்பை எடுத்து முதல் கதவின் மேல் ஓட்டினாள்.

அந்த ஊர் டேப்பில் சென்டிமீட்டர் மட்டும் இருக்காது. மேல் வரிசை உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ் வரிசை இறந்தவர்களுக்கு என்று சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் ஓடும். சிவப்பு நல்லது, கறுப்பு ஆகாது. கதவோ கட்டிலோ செய்கிறவன் இதையெல்லாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சிவப்பில்தான் கொண்டுவந்து முடிப்பான், ஏனென்றால் வாங்குகிறவர்கள் நம்புவார்கள். எண்பத்தொன்று நல்ல சிவப்பு. அந்தக் கட்டத்துக்குள் 'செல்வம் வந்து சேரும்' என்று எழுதியிருக்கும்.

டேப் எண்பது புள்ளி இரண்டில் நின்றது. கறுப்புக் கட்டம். உள்ளே பொடி எழுத்தில் 'வாய்ச்சண்டை' என்று போட்டிருந்தது. இந்த விஷயத்தில் டேப் பொய் சொல்லவில்லை, அரை மணி நேரத்தில் அது வந்தேவிட்டது.

இன்னும் பத்துக் கதவை அளந்தாள். பத்தும் அதேதான். எப்படி என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷீட்டின் நீளம் இருநூற்று நாற்பத்து நாலு. மூன்று கதவை வரிசையாக வைத்தால் இருநூற்று நாற்பத்து மூன்று. ஆனால் கதவுக்கும் கதவுக்கும் நடுவில் மெஷினின் வெட்டும் அலகான பிட் தன் பங்குக்கு ஆறு மில்லி தின்னும், ஷீட்டின் இரண்டு முனையையும் சீவியாக வேண்டும். மூன்றாவது கதவுக்கு இடமே கிடையாது. கதவை எட்டு மில்லி குட்டையாக்கினால் மட்டும் உண்டு.

மாடியில் குவோ-துங் வியட்நாம் காப்பியைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டுக்கொண்டிருந்தான். கணவன் கூப்பிடுகிறபடியே அவனைப் பெரியண்ணா என்றுதான் அவளும் கூப்பிடுவாள்.

"பெரியண்ணா, கதவு எண்பது புள்ளி ரெண்டு இருக்கு."

"ஆமா, நான்தான் வச்சேன்."

"படத்துல எண்பத்தொண்ணு."

"மேல நாலு மில்லி, கீழ நாலு மில்லி இடைவெளி கூடும். கதவு உரசாம தெறக்கும், நல்லதுதானே? பிரசவமானவ அலமாரியத் தெறந்து துணி எடுப்பாளா, ஸ்கேல் எடுப்பாளா?"

"யோ முதலாளியம்மா டேப் எடுப்பாங்க. கறுப்புல விழுது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பன்னெண்டு வருஷமா கன்டெய்னர் கன்டெய்னரா அனுப்பியிருக்கேன். ஒருத்தன்கூட இது சிவப்பா கறுப்பான்னு கேட்டதில்ல."

"அவங்க யாரும் ஃபெங்யுவான்ல கதவு வாங்கலை. ஏழாவது ஷீட் மிச்சம் இருக்கில்ல? அதுல ஆறு கதவாவது சரியா வெட்டலாம்."

"அது வேற வேலைக்கு."

"என்ன வேலைக்கு?"

"உன் வேலை பேக்கிங்" என்று அவன் காப்பியைக் கலக்கினான். "இத பாரு யுன்-ரூ, உனக்கு நாற்காலி போன ஆத்திரம். அதை நேரா சொல்லேன்."

"ஆத்திரம் இருக்கு. இல்லேன்னு யார் சொன்னா? எனக்கு ஆத்திரம் இருக்கறதால கதவு வளந்துடுமா?"

கீழே இறங்கி வந்தவள் நேராக ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

பாக்கு மெல்லுவதை டாக்டர் நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து லாய் வாயில் ஒரு பல்குச்சி இருந்துகொண்டே இருக்கும். அதைக் கடித்தபடி அவர் வந்து நின்றார். பின்னாலேயே மூத்தவனும் வந்தான்.

"சாவி எங்க?"

"என்கிட்ட."

"குடு."

"குடுக்க மாட்டேன், அப்பா."

இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் 'மாட்டேன்' என்று சொன்னதே இல்லை. அவருக்குக் கோபம் வருவதற்குள் ஒரு கதவை அவர் பக்கம் திருப்பி, டேப்பை அவர் கையில் கொடுத்தாள். அளந்தார். பல்குச்சி அசைவது நின்றது.

"எண்பத்தொண்ணுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஆறு ஷீட்டையும் வெட்டியாச்சு, அப்பா. இனிமே என்ன பண்ண முடியும்?" என்றான் குவோ-துங். "அனுப்பிடலாம். ஒரு தடவை மாட்டிட்டா அப்புறம் யாரும் அளக்க மாட்டாங்க."

லாய் மூத்த மகனைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டிக்கு முன்னால் மூத்த மகன் தலைகுனிவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பெரியவர்களுக்கு எப்போதும் இந்த ஒரு வியாதி உண்டு.

"அனுப்பு" என்றார்.

"உங்க பேரன் பொறந்தப்ப தொட்டில் பலகைய மூணு தடவை அளந்தீங்க" என்றாள் யுன்-ரூ. "அந்த இல்லத்துல படுக்கப் போறதும் பச்சக் குழந்தைங்கதான். ஊரான் குழந்தைக்குக் கறுப்பு போதுமா?"

அவர் டேப்பை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நாலு மணி வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கும். அதுக்குள்ள சரி பண்றேன். முடியலேன்னா அந்தம்மாவுக்கு நானே போன் பண்ணி நடந்ததைச் சொல்றேன்."

"எப்படி? மரத்தை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுக்கப் போறியா?" என்றான் குவோ-துங்.

உண்மையைச் சொன்னால், எப்படி என்பது அவளுக்கும் தெரியாது. வீறாப்பு முன்னால் போய்விட்டது, யோசனை பின்னால்தான் வர வேண்டியிருந்தது.

மெஷின் பக்கம் போனாள். குவோ-லியாங் மேடையில் படிந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொண்டிருந்தான். நல்லவன், உழைப்பாளி, வாயில் ஈ நுழைந்தால்கூட அண்ணனைக் கேட்டுத்தான் மூடுவான்.

"ஆ-லியாங், மொத ஷீட் வெட்டினதும் அளந்தியா?"

"அளந்தேன்."

"எண்பது புள்ளி ரெண்டுன்னு பாத்தியா?"

காற்றை நிறுத்தினான். "பாத்தேன்."

"சொல்லலை."

"அண்ணன் போட்ட லேஅவுட். அப்பாவும் பக்கத்துல நின்னாரு."

"அதனால?"

"அதனால சொல்லலை."

டேப்பை அவன் மேல் விட்டெறியலாம் என்று அவளுக்கு வந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டவன் அந்நியன் மாதிரி, அவன் செய்ததைத் தாங்கிக்கொள்ளலாம். இவன் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அதுதான் அவளுக்கு நெஞ்சில் எரிந்தது.

"கீலுக்குக் குழி போடலை" என்றான் அவன் மெதுவாக.

"என்ன?"

"சனிக்கிழமையே குழி போட்டிருக்கணும். போட்டுட்டா அப்புறம் கதவுல கைவைக்க முடியாது. அதான் பிட் தேஞ்சுபோச்சுன்னு சொல்லி நிறுத்தி வச்சேன்."

வாயால் சொல்லாததைக் கையால் சொல்லியிருக்கிறான் மனுஷன். அதற்காக அவனை மன்னித்துவிட அவள் தயாராக இல்லை. ஆனால் நாலு மணி வரை அவன் வேண்டும், எனவே கோபத்தை ராத்திரிக்குத் தள்ளிவைத்தாள்.

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் சாய்ந்திருந்த ஓக் கட்டைகள் கண்ணில் பட்டன. போன மாதம் ஒரு வீட்டுப் படிக்கட்டு வேலையில் மிஞ்சியவை. யுன்-ரூ அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினோரு வருஷமாக ஷீட்டுக்குள்ளேயே இடம் தேடித் தேடிப் பழகிய கண் அது. எட்டு மில்லியை ஷீட்டுக்கு வெளியே தேடலாம் என்று போன வாரம் அவளுக்கும் தோன்றவில்லை, மூத்தவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாற்காலியே போயிருக்காது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மேல நாலு மில்லி, கீழ நாலு மில்லி" என்றாள்.

"என்னது?"

"கெட்டி ஓக்ல பீடிங் பட்டை. தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. எண்பது புள்ளி ரெண்டு, எட்டு மில்லி சேத்தா எண்பத்தொண்ணு."

குவோ-லியாங் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்து யோசித்தான். "நூத்தி எட்டு பட்டை" என்றான். பிறகு போய் ரம்பத்தைப் போட்டான்.

அவன் கட்டையைப் பட்டை பட்டையாக அறுத்து, இழைப்பு மெஷினில் விட்டு நாலு மில்லிக்குக் கொண்டுவந்தான். அவள் பசை தடவி, பட்டையைக் கதவின் தலையில் உட்காரவைத்து, ஒட்டுநாடாவால் இழுத்துக் கட்டினாள். முதல் கதவிலேயே பட்டை வழுக்கி ஒரு பக்கமாகப் போய்விட்டது. பிய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பத்தாவது கதவுக்குக் கை பழகிவிட்டது, இருபதாவது கதவுக்கு இடுப்பு விட்டுப்போனது. மத்தியானச் சோற்றுப் பெட்டிகள் வந்து, பன்றி இறைச்சி வறுவலும் பாதி முட்டையும் மூடிக்குள்ளேயே ஆறிக்கொண்டிருந்தன.

ஒரு மணிக்கு லாய் வந்தார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பசை காய்ந்த கதவாகப் பார்த்து எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் ஆண்களுக்குக் கிடையாது, உப்புத்தாள்தான் உண்டு.

இரண்டு மணிக்குக் குவோ-துங் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தான். "இப்படிக் கையால ஒட்டறதுக்கா மெஷினு, புரோகிராமு எல்லாம்?"

"நீயும் ஒரு தாள் எடுத்துக்கோ" என்றார் அப்பா, நிமிராமல்.

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

மூன்றே முக்காலுக்கு, கீல் குழியும் போட்டு, ஐம்பத்து நாலாவது கதவையும் அட்டை சுற்றி முடித்தார்கள். லாரி போக வேண்டிய நேரத்தில், வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யோ முதலாளியம்மாவே வந்துவிட்டாள். ஒரு கையில் நாலு கப் ஐஸ் டீ, மறு கையில் கைப்பை.

"எல்லாத்துக்கும் அரைச் சர்க்கரை, ஐஸ் கம்மி" என்று டீயை மேஜையில் வைத்தாள். "கதவு அங்க வந்தப்புறம் பாத்துச் சண்டை போடறதவிட இங்கயே பாத்துடலாம்னு வந்தேன். வயசான காலத்துல யாரு அலையறது?"

கைப்பையைத் திறந்து தன் சொந்த டேப்பை எடுத்தாள். பேக்கிங்கில் ஒன்றைப் பிரிக்கச் சொன்னாள். நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று பதினொரு கதவை இழுத்துப் போட்டு அளந்தாள்.

"சிவப்பு" என்றாள் கடைசியில். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "கெட்டி மரமா இருக்கே. படத்துல இது இல்லையே?"

லாய் தொண்டையைச் செருமினார். "பெரிய பையன் வியட்நாம்லேர்ந்து புது முறையெல்லாம் கத்துக்கிட்டு வந்து..."

யுன்-ரூவின் கையில் பசை இன்னும் காயவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்த மனுஷர் சொல்கிற சொல்லா இது?

"எண்பது புள்ளி ரெண்டு பெரியண்ணா வச்சது" என்றாள். "கறுப்புல விழுந்துச்சு. மீதி எட்டு மில்லி நாங்க வச்சது."

லாய் வாயில் பல்குச்சி முறிகிற சத்தம் கேட்டது. முதலாளியம்மா டேப்பைச் சுருட்டாமல் அப்படியே நின்றாள்.

"தப்பு நடந்துச்சுன்னு என்கிட்டயே சொல்றியா? நான் திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்புங்க. நாளைக்கு ஒரு விளிம்பு தட்டுப்பட்டு, இது என்னன்னு நீங்க கேட்டா, அன்னிக்கு நான் முழிக்கக் கூடாது."

யோ முதலாளியம்மா கதவை இன்னொரு தடவை அளந்தாள். இந்த முறை பீடிங்கை விட்டுவிட்டு உள்ளே மட்டும். வாய்ச்சண்டை. பிறகு சேர்த்து அளந்தாள். செல்வம் வந்து சேரும். டேப்பை விட்டாள், அது சுருண்டு உள்ளே போனது.

"என் இல்லத்துக்கு வர்றவகிட்ட எப்படி உண்டாச்சுன்னா கேக்கறேன்? வெளிய வந்த குழந்தையத்தான் பாக்கறேன்" என்றாள். "சேத்துதான் அளவு. ஏத்துங்க. அடுத்த மாடிக்கு வேலை வரும், இவளையே லேஅவுட் போடச் சொல்லுங்க. பொய் சொல்லத் தெரியாதவ."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. யுன்-ரூ சாவியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். கதவுகள் ஏறின. லாய் முறிந்த பல்குச்சியைத் துப்பிவிட்டுப் புதிதாக ஒன்றை வாயில் வைத்தார்.

"மேல ரூம்ல ஃபேன் ஓடுது" என்றார் மருமகளிடம். "போய்ப் பாரு."

அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மாடியேறினாள். அறையில் யாருமில்லை, காப்பி வாசனை மட்டும் இருந்தது. ஃபேன் ஓடவே இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. ஏப்ரனை அவிழ்க்காமலே அதில் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு லேஅவுட் திறந்திருந்தது. ஓக் வெனீர், ஒரு ஷீட். ஏழாவது ஷீட்தான். கதவும் இல்லை, தட்டும் இல்லை. வளைவும் கோணலுமாகத் துண்டுகள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில், ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று என்று இடம் வீணாகாமல் நெருக்கி அடுக்கியிருந்தது. வேறு யாராவது பார்த்தால் குப்பை என்று சொல்லியிருப்பார்கள். சிதறிக் கிடக்கும் பாகங்களை மனசுக்குள் சேர்த்துப் பார்ப்பதுதான் அவள் பதினோரு வருஷமாகச் செய்த வேலை.

சீன எழுத்துக்கள், ஒவ்வொன்றும் ஒரு சொல். அலுவலகச் சுவரில் மாட்டுகிற பெயர்ப் பலகைக்கு, முழ உயரத்தில் நாலு எழுத்து. மனசுக்குள் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். கடைசி இரண்டும் சேர்ந்து 'மரப்பட்டறை'. அதற்கு முன்னால் 'துங்'. அதற்கும் முன்னால் 'குவோ'.

மறுபடி எண்ணினாள். நாலே நாலுதான். 'லியாங்' எங்கேயும் இல்லை.

ஜன்னலைத் திறந்தாள். "ஆ-லியாங், மேல வா."

லாரியில் ஏறப் போனவன் சாவியோடு வந்து நின்றான். அவள் திரையைக் காட்டினாள். வெட்டப் போகிறவனுக்கும் படிக்கத் தெரியும். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

அறை வாசலில் நிழல் விழுந்தது. குவோ-துங் போனைப் பையில் போட்டபடி நின்றான். "ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? கதவு போகலையா?" என்றவன் திரையைப் பார்த்தான். முகம் கொஞ்சம் மாறியது, குரல் மாறவில்லை. "ஆங், அதுவா. காலையில மொத வேலையா அந்த ஷீட்டை ஏத்திடு, லியாங்."

யுன்-ரூவின் நாக்கு நுனியில் நூறு வார்த்தை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். இன்றைக்கு அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இது அவன் எழுத்து.

குவோ-லியாங் லாரிச் சாவியை மேஜை மேல் வைத்தான்.

"பெரியண்ணா" என்றான். "இதை நான் வெட்ட மாட்டேன்."

மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்த அப்பாவின் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது.